பழைய மருந்து ஸ்டோர் நிலத்தில் வீடு கட்டுவதற்கு முன்: நிலமாற்றத்துக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில் உள்ள எங்கள் தோட்டப் பட்டணத்தில் ரப்பர் ஆலை, புகைக்கூடம், களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வைத்திருந்த மருந்து ஸ்டோர், டிராக்டர் பட்டறை ஆகியவை இருந்த நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, அங்கே மலிவு விலை வீடுகளும் தமிழ்ப்பள்ளிக்குப் புதிய கட்டடமும் திடலும் அமைப்பதற்கான விண்ணப்பம் தங்கள் பரிசீலனையில் உள்ளது. வீடும் பள்ளியும் எங்களுக்கு வேண்டும். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, லயத்தில் வாழ்ந்து, தோட்டம் கைமாறும்போதெல்லாம் அடுத்து எங்கே போவது என்று திகைத்து நின்றவர்களுக்குச் சொந்த வீடு என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த மடல் திட்டத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று. அந்த நிலத்தின் மண்ணைப் பற்றி விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டுள்ள அறிக்கை, அந்த மண்ணின் மீது வாழப்போகும் மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதே என் முறையீடு.

மண், நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; என் தாயார் இதே தோட்டத்தில் மருந்தடித்தவர். இவ்விரண்டும் சேர்ந்ததால்தான், குடியிருப்பாளர்களின் கைக்கு வந்த அந்த அறிக்கையை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. நிலத்தில் ஆங்காங்கே துளையிட்டு மண் எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்த உலோகங்களின் அளவைத் தொழிற்சாலை நிலத்துக்குரிய வடிகட்டு அளவுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கவலைப்பட ஏதுமில்லை என்று முடித்துவிட்டார்கள். குழந்தைகள் ஓடி விளையாடப்போகும் நிலத்தை எதற்காகத் தொழிற்சாலை நிலமாகக் கருதி அளந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. மாசடைந்த நிலங்களைக் கையாள்வது குறித்துச் சுற்றுச்சூழல் துறை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று வழிகாட்டிகளில் முதலாவது, குடியிருப்பு நிலத்துக்கும் தொழிற்சாலை நிலத்துக்கும் தனித்தனி அளவுகளைத் தந்திருப்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

அளவுகோலைச் சரியாகத் தேர்ந்திருந்தாலும்கூட, அத்தோடு வேலை முடிந்திருக்காது. வடிகட்டு அளவு என்பது, இதற்கு மேற்பட்டால் மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லும் ஓர் எல்லை மட்டுமே. மனிதர்களுக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பிடுவது வேறு வேலை. 1983-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் வகுத்து, பிறகு பல நாடுகள் ஏற்றுக்கொண்ட முறை நான்கு கேள்விகளைக் கேட்கிறது: அந்த இடத்தில் தீங்கு செய்யக்கூடிய பொருள் எது, எவ்வளவு உட்சென்றால் என்ன தீங்கு வரும், யாருடைய உடலுக்குள், எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை காலம் அது செல்கிறது, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து எவ்வளவு பெரியது. நமது அறிக்கை முதல் கேள்வியில் பாதியை மட்டும் தொட்டுவிட்டு நின்றுபோனது. மூன்றாவது கேள்வியை, அதாவது நாங்கள் யார், எப்படி வாழ்கிறோம் என்பதை, அது கேட்கவே இல்லை.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத்தான் சொல்வார்கள். அந்த மருந்தால் நகம் கழன்றவர்களையும், மூக்கில் இரத்தம் வடிந்தவர்களையும், உயிரிழந்தவர்களையும் பார்த்த தலைமுறை அது. 2002-இல் அறிவிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அடித்தவரின் உடலுக்கு அது செய்த கேடு வேறு, மண்ணில் அது எஞ்சியிருப்பதால் வரும் கேடு வேறு. பாராகுவாட் மண்ணில் விழுந்தவுடன் களிமண்ணோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. மண்ணிலிருந்து செடிக்கோ கிணற்றுக்கோ அது எளிதில் நகர்வதில்லை. எங்களவர்களுக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கலாம் என்றாலும், இந்த நிலத்தைப் பொறுத்தவரை என் அச்சம் அதைப் பற்றியதன்று.

என் அச்சம் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரப்பர் மரங்கள் நின்ற பால்காட்டில் லாலான் புல்லை அழிக்கவும், மறுநடவுக்கு முன் பழைய பால்மரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் சேர்மம் பரவலாகப் பயன்பட்டது. ஆர்சனிக் ஒரு தனிமம். அது மக்காது, ஆவியாகித் தீர்ந்துபோகாது, வெயிலிலும் மழையிலும் வேறொன்றாகச் சிதையாது. அன்று கொட்டியது அள்ளி அகற்றப்படாவிட்டால் இன்றும் அங்கேதான் இருக்கும். பின்னர் மரங்களைக் கொல்ல டீசலில் கலந்து பூசப்பட்ட 2,4,5-டி என்ற மருந்து மண்ணில் சில மாதங்களில் சிதைந்துவிடக்கூடியது. ஆனால் அதன் தயாரிப்பின்போது கலந்துவிட்ட டையாக்சின் என்ற கொடிய நஞ்சு பல்லாண்டுகள் நிலைப்பது. பூச்சிக்கும் கரையானுக்கும் அந்தக் காலத்தில் வாங்கிய டீல்ட்ரின் போன்றவையும் அப்படியே. அறிக்கையில் உலோகங்கள் மட்டும் சோதிக்கப்பட்டுள்ளன. டையாக்சின், டீல்ட்ரின் ஆகியவற்றின் பெயர்களே இல்லை. பட்டறையின் டீசல் தொட்டியும் பழைய பேட்டரிகளும் இருந்த மூலையில் எண்ணெய்க் கசிவும் ஈயமும் பார்க்கப்பட்டனவா என்பதும் தெளிவாக இல்லை.

எங்கே துளையிட்டார்கள் என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. பல ஏக்கர் பால்காட்டில் பரவலாகத் தெளித்த மருந்தைவிட, டிரம்மைத் திறந்து அளந்து கலக்கிய இடத்திலும், மாலையில் பம்பைக் கழுவிக் கவிழ்த்த இடத்திலும், காலி டின்களைப் புதைத்த குழியிலும்தான் நஞ்சு செறிந்திருக்கும். இவை சில அடி அகலமே உள்ள இடங்கள். கட்டம் போட்டுச் சம தூரத்தில் துளையிட்டுக்கொண்டு போனால் இவற்றின் பக்கத்திலேயே கடந்துபோய்விடலாம். கணக்கெழுதிய பழைய கிராணிக்கும் வேலையை மேற்பார்த்த மண்டோருக்கும் மருந்தடித்த பெண்களுக்கும் தெரிந்த இடங்கள் இவை. அவர்களில் ஒருவரையும் அறிக்கை தயாரித்தவர்கள் சந்திக்கவில்லை.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தங்களிடம் நான் சொல்ல விரும்பியதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் பொறுமையோடு பார்க்குமாறு வேண்டுகிறேன். எடுத்துக்காட்டுக்காக, ஒரு கிலோகிராம் மண்ணில் 50 மில்லிகிராம் ஆர்சனிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கள் நிலத்தில் இவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விரலைச் சூப்புவதாலும், கீழே விழுந்ததை எடுத்துத் தின்பதாலும், வீட்டுத் தூசியாலும் ஒரு சிறு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை அறியாமல் விழுங்குவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கில் கொள்கிறது. அந்த மண்ணோடு 0.01 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ளே போகிறது. குழந்தையின் எடை 15 கிலோ என்றால், ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 0.00067 மில்லிகிராம். அதே மண்ணில் நடமாடும் 70 கிலோ எடையுள்ள பெரியவர் 100 மில்லிகிராம் மண்ணை விழுங்கினால், அவருக்குக் கிலோவுக்கு 0.00007 மில்லிகிராம்தான். நிலம் ஒன்றே, ஆர்சனிக் ஒன்றே. குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஒன்பது மடங்குக்கும் அதிகம். அந்த முகமை நீண்ட காலமாக அன்றாடம் தாங்கக்கூடிய அளவாக வைத்திருந்தது கிலோ உடல் எடைக்கு 0.0003 மில்லிகிராம். அதன்படி பெரியவர் நான்கில் ஒரு பங்குக்குள் நிற்கிறார்; குழந்தை இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. தொழிற்சாலை நில அளவுகோல் என்பது அந்தப் பெரியவரை மனத்தில் வைத்து, அதுவும் அவர் வேலை முடிந்து மாலையில் வேறிடத்துக்குப் போய்விடுவார் என்ற எண்ணத்தில், வகுக்கப்பட்டது. பள்ளித் திடலுக்கு அதை எப்படிப் பொருத்துவது?

அந்த 0.0003-உம் இன்று நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் அதே முகமை தன் மதிப்பீட்டைத் திருத்தி, 0.00006 மில்லிகிராம் என்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. புதிய அளவின்படி பார்த்தால் என் எடுத்துக்காட்டில் வரும் பெரியவரும் எல்லையைத் தாண்டுகிறார். பழைய எண்ணை வைத்து எழுதப்பட்ட அறிக்கைகளை மறுபடியும் கணக்கிடாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

அந்தக் கணக்கிலும் எங்கள் வாழ்க்கை முழுதாக இடம்பெறவில்லை. அயல்நாட்டு நடைமுறையில் ஒருவர் ஒரே வீட்டில் 26 ஆண்டுகள் வாழ்வதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் கிடந்தவர் அதே ஊர்த் தமிழ்ப்பள்ளியில் படித்து, அதே தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய், ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் வீட்டு வாசலிலும் கோயில் வளாகத்திலும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். திருவிழாக் காலத்தில் பெரியவர்களும் அதே மண்ணில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு மண் தின்னும் பழக்கம் உண்டு. கருவுற்ற பெண்களிலும் சிலருக்கு அது உண்டு. அப்படித் தின்பவருக்கு 200 மில்லிகிராம் என்பது மிகச் சிறிய அளவு.

வீட்டுக்குப் பின்னால் கையகல இடம் கிடைத்தாலும் எங்கள் பெண்கள் எதையாவது நட்டுவிடுவார்கள். முருங்கையும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் வளராத தோட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. எந்தச் செடி எதை இழுக்கும் என்பது ஆய்வில் தெரிந்த செய்திதான்: பூசணி, சுரை, வெள்ளரி வகைக் கொடிகள் மண்ணிலிருந்து டீல்ட்ரினை உறிஞ்சிக் காயில் சேர்ப்பவை, நீரோரத்தில் வளரும் கங்கோங் கீரை உலோகங்களைத் தேக்குவது, மரவள்ளி போன்ற கிழங்குகளின் தோலோடு மண்ணே வந்துவிடுகிறது. கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையில் டையாக்சின் சேரும். பழைய கழிவுநீர்க் குட்டையில் கெலி எனும் கெளுத்தி மீனும் திலாப்பியாவும் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய காய்கறியை மட்டுமே உண்ணும் குடும்பத்தைக் கற்பனை செய்து போடும் கணக்கு இவர்கள் யாரையும் காணாது.

குட்டையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் செம்மண்ணில் இரும்பு அதிகம். அது ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறண்ட மேட்டு நிலத்தில் இது நன்மையே. ஆனால் அதே மண்ணைத் தள்ளிக் குட்டையை நிரப்பி, அது நீரில் ஊறி, அழுகும் கழிவோடு சேர்ந்து காற்றில்லாமல் கிடந்தால், இரும்பு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடும். வங்கதேசத்தில் கோடிக்கணக்கானவர்களின் குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் வந்தது இயற்கையான வண்டலிலிருந்துதான் என்றாலும், அதை விடுவித்த வேதியியல் இதுவே. திட்ட வரைபடத்தில் குட்டையை மேட்டு மண்ணால் நிரப்புவதாகக் காட்டியிருக்கிறார்கள். நிரப்பிய பிறகு நிலத்தடி நீரைச் சோதிப்பது பற்றி எதுவுமில்லை. குழாய் நீர் தடைப்படும் நாள்களில் பழைய கிணறுகளைத்தான் நாங்கள் நாடுகிறோம். குடிநீரில் ஆர்சனிக்கின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் உள்ள ஆர்சனிக் முழுவதும் உடலில் சேர்வதில்லை. வழக்கமாக 60 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் என் எடுத்துக்காட்டுக் குழந்தைக்குக் கிலோ உடல் எடைக்கு 0.0004 மில்லிகிராம் சேர்கிறது. எங்கள் செம்மண்ணில் அது 60 விழுக்காட்டைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும். வயிற்று அமிலத்தைப் போன்ற கரைசலில் மண்ணை இட்டு எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு, பெரிய செலவில்லை, அதைச் செய்து, முடிவு எங்கள் அச்சத்தைக் குறைத்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். அதேபோல, வெள்ளீயம் தோண்டிய நிலப்பகுதி இது. வெள்ளீயத் தாதுவோடு சேர்ந்து இயற்கையாகவே ஆர்சனிக் கிடக்கும். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கர்கள் பல்லாண்டுகள் வைத்திருந்த வடிகட்டு அளவான கிலோவுக்கு 0.68 மில்லிகிராமை உலகின் பெரும்பாலான இயற்கை மண்ணே தாண்டிவிடும். இதைக் காரணம் காட்டி, எல்லாம் இயற்கையில் உள்ளதுதான் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது ஆலோசகர்களுக்கு எளிது. மருந்து படாத பக்கத்துக் காட்டு மண்ணையும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால்தான் அந்த வரிக்கு மதிப்பு உண்டு.

எங்கள் பக்கத்திலும் ஒரு கோரிக்கை எழுகிறது. அதை நான் ஆதரிக்கவில்லை. எல்லாருடைய இரத்தத்தையும் எடுத்துச் சோதித்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்கிறார்கள். ஆர்சனிக் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. சிறுநீரில் தெரிவதும் கடைசிச் சில நாள்களின் கணக்குத்தான். முந்தைய நாள் இறாலும் மீனும் தின்றவருக்குத் தீங்கற்ற வகை ஆர்சனிக் ஏறித் தெரியும்; வகை பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மேலும், வீடுகள் இன்னும் கட்டப்படவே இல்லை. நாளைக்கு வரப்போகும் குழந்தையின் இரத்தத்தை இன்று யாரால் எடுக்க முடியும்? இன்னொரு புறம், ஊரில் புற்றுநோயாளிகள் அதிகமில்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற வாதத்தையும் ஏற்க முடியாது. ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வரக்கூடும் என்ற அளவிலான ஆபத்தைச் சில ஆயிரம் பேர் வாழும் பட்டணத்தில் தலையெண்ணிக் கண்டுபிடிக்க இயலாது. இங்கே தெளித்தவர்களில் பலர் வேலை முடிந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எங்கே, எந்த நோயால் இறந்தார்கள் என்று யார் குறித்து வைத்தார்கள்? தலையெண்ணிக்கை உதவாத இடத்தில் உதவுவதற்காகவே முன்கூட்டிக் கணக்கிடும் இந்த மதிப்பீட்டு முறை உருவானது.

அது உருவான கதையிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், இரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட கால்வாய் நிலத்தை 1953-இல் ஒரு நிறுவனம் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. அதன் மேல் பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-இல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாசடைந்த நிலங்களைச் சீர்செய்வதற்கென 1980-இல் அந்நாடு தனிச் சட்டம் இயற்றியதற்கு அந்தக் கால்வாய் ஒரு முக்கியக் காரணம். நம் மாநிலத்தில் புக்கிட் மேரா மக்கள் அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலையின் கதிரியக்கத் தோரியக் கழிவை எதிர்த்து 1985-இல் தொடுத்த வழக்கில் 1992-இல் வென்றார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுப் பணி அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் நீண்டது. யாருடைய அளவீடு சரி என்ற வாதத்தை ஆலையும் மக்களும் நீதிமன்றத்தில் நின்று நடத்த வேண்டி வந்தது. எங்கள் ஊரில் அந்த வாதத்தைக் கட்டடம் எழுவதற்கு முன்பே, மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடித்துக்கொள்ள இன்னும் காலமிருக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். நிலமாற்றத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன், குடியிருப்பு, பள்ளி என்ற பயன்பாட்டை வைத்து, மனித உடல்நல ஆபத்தை மதிப்பிடும் முழு ஆய்வு ஒன்றை மேம்பாட்டாளர் செலவில், ஆனால் மேம்பாட்டாளர் தேர்ந்தெடுக்காத வல்லுநர்களைக் கொண்டு, நடத்த உத்தரவிட வேண்டும். எங்கள் உணவு, நீர், விளையாட்டு, வழிபாடு ஆகியவை வீடுவீடாகக் கேட்டறியப்பட்டு அந்தக் கணக்கில் சேர வேண்டும். குழந்தைகள் தொடும் மேல்மண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்து மண்ணோடு அதைக் கலந்து சராசரி எடுக்கும் பழக்கம் எண்ணை அழகாக்குமே தவிர வேறெதற்கும் உதவாது. ஒரே உறுப்பைத் தாக்கும் பொருள்களைத் தனித்தனியே பார்த்து விடுவித்துவிடாமல் கூட்டிப் பார்க்க வேண்டும். நிலத்தைச் சமன் செய்யும்போது எழும் தூசியை முதலில் சுவாசிக்கப்போகிறவர்கள் வங்கதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அவர்களுக்காகப் பேச இந்த ஊரில் சங்கம் ஏதுமில்லை என்பதால், மதிப்பீட்டில் அவர்களையும் சேர்க்குமாறு நாங்களே கேட்கிறோம்.

ஆய்வில் சில மூலைகள் மட்டும் மாசடைந்தவை என்று தெரிந்தால் திட்டத்தையே கைவிட வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. அந்த மண்ணை அள்ளி அகற்றலாம். அல்லது அந்த மூலையில் வீட்டுக்குப் பதிலாக வாகன நிறுத்துமிடத்தைத் தார் போட்டு அமைக்கலாம். பள்ளித் திடலை மேட்டுப் பக்கம் மாற்றலாம். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு குறைவு.

ஆய்வுக்கூடத்தின் மூலத் தாள்களும் துளையிட்ட இடங்களின் வரைபடமும் தமிழிலும் மலாயிலும் எழுதிய விளக்கத்தோடு எங்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விளக்கக் கூட்டத்தை வேலை நாளின் காலையில் மாவட்ட அலுவலகத்தில் வைத்தால் யாராலும் வர முடியாது; மாலையில் ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் வையுங்கள். அதற்கும் முன்னால், மாதிரி எடுப்பவர்கள் மறுபடியும் வரும்போது எங்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள். டிரம் உருட்டிய பாதையையும், பம்பு கழுவிய கல்லையும், டின் புதைத்த குழியையும் காட்டக்கூடிய மருந்தடிப்புப் பெண்கள் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்; எல்லாருமே எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை அழைத்து வரும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
இவ்வூரில் பிறந்த ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட ஊழியர்